பொரி ஏன் ஓடவில்லை? கினிப் பன்றி வாங்கும் முன் ஒரு அரை மணி நேரம்

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசியதை வாசிக்கத் தோதாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேசின தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். "அண்ணா, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறேன். ரூம்ல தனியா இருக்கேன். நாய் வளர்க்க ஓனர் விடமாட்டார். ஒரு கினிப் பன்றி வாங்கலாம்னு இருக்கேன். மெயின்டனன்ஸ் கம்மின்னு கடையில சொல்றாங்க. வாங்கலாமா?"

இந்த மெசேஜை மூணு தடவை கேட்டேன். ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி இதே ஊரில், இதே சிப்காட்டில், இதே மாதிரி ஒரு ரூமில் நான் இருந்தேன். எனக்கும் கடையில் இதையேதான் சொன்னார்கள். அதனால் இன்னிக்கு எபிசோட் முழுக்க அந்தத் தம்பிக்கான பதில்தான். மத்தவங்களும் கேளுங்க, உங்க வீட்டிலும் ஒரு குட்டி தங்கச்சி இதே கேள்வியோடு இருக்கலாம்.

முயல் தீனியும் ஒரு அட்டைப்பெட்டியும்

நான் அப்போ ஷிஃப்ட் வேலையில் இருந்தேன். மூணாவது மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஃபேன். ஒரு லீவு நாளில் சென்னைக்குப் போனவன், ஒரு பெட் ஷாப் வாசலில் நின்றுவிட்டேன். கூண்டுக்குள் பழுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கை அளவில், வால் இல்லாமல், உருட்டி வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து மூக்கை ஆட்டியது. அவ்வளவுதான், விழுந்துட்டேன்.

கடைக்காரர் மூணு விஷயம் சொன்னார். "முயல் மாதிரிதான் தம்பி, முயல் தீனியே போடுங்க. தனியா வெச்சாதான் உங்ககிட்ட நல்லா பழகும். குளிப்பாட்ட வேணாம், நோயே வராது." குளிப்பாட்டும் விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. மத்த ரெண்டும் தப்பு. அது தப்பு என்று எனக்குத் தெரிய ரெண்டு மாதம் ஆனது.

பொரி என்று பேர் வைத்தேன். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலிருந்தே துள்ளிக் குதிப்பான், வாணலியில் சோளம் பொரிகிற மாதிரி. உலகம் முழுக்க இவற்றை வளர்க்கிறவர்கள் அந்தத் துள்ளலுக்கு 'பாப்கார்னிங்' என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கீழ் வீட்டில் இருந்த ஓனர் அம்மா தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். முதல் நாள் கூண்டைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, காசு குடுத்துப் பெருச்சாளி வாங்கினு வந்திருக்க?" என்றார். பத்து நாள் கழித்து அவரே கொத்தமல்லித் தண்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வர ஆரம்பித்துவிட்டார்.

ரெண்டு மாதம் கழித்து பொரியின் ஓட்டம் குறைந்தது. நான் கையை நீட்டினால் முன்னெல்லாம் ஓடி ஒளிவான். இப்போ அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லா பழகிட்டான், என் மேல் பயம் போயிடுச்சு என்று நினைத்தேன். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு போட்டேன். அவன் பழகவில்லைங்க. அவனால் நடக்க முடியவில்லை. ஒரு நாள் தூக்கும்போது கீச்சென்று கத்தினான். பின்னங்கால் மூட்டு வீங்கியிருந்தது. வாயோரம் ஈரமாக இருந்தது. மறுநாள் தீனியைத் தொடவே இல்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து, காலையில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பொரியின் ஈறைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார், "என்ன தீனி போடறீங்க?" என்று கேட்டார். முயல் தீனியும் வெள்ளரிக்காயும் என்றேன். "தம்பி, இது முயல் இல்லை. முயல் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே செய்துக்கும். இதால முடியாது. உங்களாலயும் என்னாலயும் எப்படி முடியாதோ அப்படித்தான். இதுக்கு ஸ்கர்வி வந்திருக்கு" என்றார்.

ஸ்கர்வி. பள்ளிக்கூடத்தில் படித்திருப்போமே, கப்பலில் மாதக்கணக்கில் போன மாலுமிகளுக்கு வந்த நோய், ஈறில் ரத்தம் வருமே, அது. கடலையே பார்க்காத ஒரு ஜீவனுக்கு, என் ரூமில், நான் வாங்கிப் போட்ட தீனியால் வந்தது. ஊசி போட்டார், சொட்டு மருந்து கொடுத்தார். மூணு நாள் சிரிஞ்சில் அரைத்த உணவு ஊட்டினேன். நாலாம் நாள் விடியும் முன் பொரி போயிட்டான்.

பேரில் கினியும் இல்லை, பன்றியும் இல்லை

சரி, யார் இந்த ஜீவன்? கினி நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பன்றிக் குடும்பமும் இல்லை. இது கொறித்துண்ணி வகை. அணிலும் எலியும் தூரத்துச் சொந்தம். ரீல்ஸில் தண்ணீருக்குள் ஞானி மாதிரி உட்கார்ந்திருக்குமே காபிபாரா, அதுதான் நெருங்கிய சொந்தம். தமிழில் சிலர் சீமைப் பெருச்சாளி என்றும் எழுதுவார்கள். ஆக, ஓனர் அம்மா சொன்னது முழுத் தப்பும் இல்லை!

சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. பெரு, பொலிவியா, ஈக்வடார் பக்கம். அங்கே சுமார் 7000 வருஷமாக மனிதர்கள் இதை வளர்க்கிறார்கள், செல்லத்துக்காக இல்லை, சாப்பாட்டுக்காக. அங்கே இதன் பேர் 'குய்'. பெருவின் கூஸ்கோ நகரப் பேராலயத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது, மார்கோஸ் சபாட்டா வரைந்த கடைசி இராவுணவு. அதில் மேசை நடுவில் தட்டில் கிடப்பது குய் என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பா போனபோதுதான் இது செல்லப் பிராணி ஆனது.

மலைக் குளிரில் வளர்ந்த உடம்பு, கூட்டமாக வாழ்ந்த பழக்கம், நாள் முழுக்கப் புல் மேய்கிற வயிறு, எல்லா வேட்டை விலங்குக்கும் இரையாக இருந்ததால் வந்த பயம். இந்த நாலையும் மனசில் வெச்சுக்கோங்க. இதன் வளர்ப்பு முறை முழுக்க இந்த நாலிலிருந்துதான் வருகிறது.

1907-லேயே தெரிந்த விஷயம்

பொரி போன பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஃபோனில் ஸ்கர்வி, கினிப் பன்றி என்று தேடினேன். அப்போது கிடைத்த தகவல் என்னை இன்னும் நோகடித்தது.

நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்று ரெண்டு ஆய்வாளர்கள். கப்பல் மாலுமிகளுக்கு வரும் ஒரு நோயைப் புரிந்துகொள்ள, கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு மனிதனுக்கு வருவது போலவே ஸ்கர்வி வந்தது. பச்சைக் காய்கறி சேர்த்தபோது அது தடுக்கப்பட்டது. இதை அவர்கள் வெளியிட்டது 1907-ல். அப்போது வைட்டமின் என்ற வார்த்தையே கிடையாது. வைட்டமின் சி என்று ஒன்று இருப்பதை உலகம் கண்டுபிடித்ததில் இந்தச் சின்ன மிருகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எலியில் சோதித்திருந்தால் தெரிந்தே இருக்காது. எலி தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும்.

யோசிச்சுப் பாருங்க. நூறு வருஷத்துக்கு மேல் உலகத்துக்குத் தெரிந்த ஒரு விஷயம், அந்த மிருகத்தை விற்கிற கடையில் யாருக்கும் தெரியவில்லை. வாங்கின எனக்கும் தெரியவில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஃபோன் வாங்கும்போது நாலு ரிவ்யூ பார்த்தவன், உயிர் வாங்கும்போது ஒன்றுமே பார்க்கவில்லை.

நம்ம மாவட்டம் பட்ட கடன்

இன்னொன்றும் சொல்றேன், இது நம்ம ஊர்க் கதை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-ல் உலகத்துக்குக் காட்டியபோது, அவர் நிரூபணத்துக்கு நம்பியது கினிப் பன்றிகளைத்தான். காசநோய் இதற்கு மிகச் சுலபமாகத் தொற்றும். அதனால் பல பத்தாண்டுகள், ஒரு நோயாளிக்குக் காசநோய் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, அவருடைய சளியைக் கினிப் பன்றிக்கு ஊசியில் ஏற்றி, வாரக்கணக்கில் காத்திருந்து பார்ப்பது ஒரு சோதனை முறையாகவே இருந்தது.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இப்போது அதன் பேர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே வந்த நோயாளிகளின் கிருமிகளையும் பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளையும் கினிப் பன்றிகளில் ஒப்பிட்டுப் பார்த்து 1960 வாக்கில் ஒரு முடிவைச் சொன்னார்கள்: தென்னிந்தியக் கிருமிகளில் பல, கினிப் பன்றி உடம்பில் அவ்வளவு வீரியமாக இல்லை.

பிறகு 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கான பேரிடம் சோதிக்கும் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. அந்தக் கிராமங்கள் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை; 1997-ல்தான் மாவட்டம் பிரிந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி இங்கே தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. ஏன் என்று தேடியபோது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று, அந்தப் பழைய கினிப் பன்றி முடிவுதான்: இந்தப் பக்கத்துக் கிருமியின் குறைந்த வீரியம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயிலிருந்து அந்தத் தடுப்பூசி காக்கிறது என்பதால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். உங்க இடது கையில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், தொட்டுப் பாருங்க.

ஆய்வகத்தில் இவற்றை வைத்துச் சோதித்தது சரியா தப்பா என்பது தனி எபிசோடுக்கான விவாதம். எனக்குத் தோன்றுவது இதுதான்: இந்த மிருகத்தின் உடம்பு பற்றி உலகத்துக்கு அவ்வளவு தெரியும். அதில் பாதி கூட நம்ம வீட்டுக் கூண்டுக்கு வந்து சேரவில்லை. அந்தப் பாதியைத்தான் இப்போ சொல்லப் போகிறேன்.

தட்டில் என்ன?

முதல் விஷயம், புல். சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்கு புல்லாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு மொத்தம் 20 பல், எல்லாமே வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்றால்தான் தேயும். தேயாவிட்டால் பல் நீண்டு, நாக்கை மூடி, பசியோடு தீனி முன்னால் உட்கார்ந்தே பட்டினி கிடக்கும்.

கடையில் டிமோத்தி புல் என்று வெளிநாட்டுக் காய்ந்த புல் விற்கிறார்கள். நல்லது, ஆனால் விலை அதிகம். நம்ம பக்கம் வழி இருக்கு. அருகம்புல் கொடுக்கலாம். மாடு வளர்க்கிறவர்களிடம் கம்பு நேப்பியர் தீவனப்புல்லோ கினிப்புல்லோ கேட்டு வாங்கலாம். ஆமாம், கினிப்புல் என்றே ஒன்று இருக்கு. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இதன் சொந்தக்காரன் இல்லை, ஆனா ரெண்டும் நல்லா ஒத்துப்போகும். திருவள்ளூர் பக்கம் ஈஸியாகக் கிடைக்குதே என்று வைக்கோலை மட்டும் போட்டு வளர்த்துவிடாதீங்க. படுக்கைக்கு ஓகே, சாப்பாடாக அதில் சத்து போதாது. இன்னொன்று, லாரி போகிற ரோட்டோரத்திலும், கம்பெனிக் கழிவுநீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்திலும் புல் பறிக்காதீங்க. மருந்து அடித்த வயல் வரப்பும் வேண்டாம்.

ரெண்டாவது, வைட்டமின் சி. உடல் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். வளர்ந்த ஒன்று சுமாராக ஒரு கிலோ இருக்கும். 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் சுமார் 80 மில்லிகிராம் இருக்கிறது. அப்படின்னா ஒரு குடைமிளகாயில் கால் பங்கு, தினமும். அவ்வளவுதாங்க. பொரியின் உயிர் ஒரு நாளைக்குக் கால் குடைமிளகாய் தூரத்தில் இருந்தது. கூடவே கொத்தமல்லி, எப்போதாவது நெல்லிக்காயில் ஒரு சின்னச் சீவல். எல்லாவற்றையும் நல்லா கழுவி, சமைக்காமல் கொடுக்கணும். தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலந்து வைப்பதை நம்பாதீங்க. வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெட்டுப்போகும், தண்ணீர் ருசி மாறினால் குடிக்காமலும் விட்டுடும்.

மூணாவது, கடைத் தீனி. முயல் தீனி வேண்டாம். முயலுக்குத் தேவை இல்லாததால் அதில் வைட்டமின் சி சேர்ப்பதில்லை. கினிப் பன்றிக்கென்று விற்கிற தீனியிலும் தயாரித்த தேதியைப் பாருங்க. மூணு மாதம் தாண்டினால் அதில் உள்ள வைட்டமின் சி பெரும்பாலும் போயிருக்கும். தினம் ஒரு மேசைக்கரண்டி போதும்.

வேண்டாதவை: வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளி இலை, சோறு, இட்லி, பிஸ்கட், பால். பாட்டி பாசத்தில் முறுக்கு கொடுத்தாலும் வேண்டாம். பாலக்கீரையை அடிக்கடி கொடுக்காதீங்க. சிறுநீர்ப்பையில் கல் வரும்.

அப்புறம், அது தன் கழிவையே குனிந்து சாப்பிடுவதைப் பார்த்து அருவருப்பு அடையாதீங்க. முதல் தடவை ஜீரணம் ஆகாத சத்தை ரெண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது. அது நோய் இல்லை.

மே மாதமும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும்

இந்த ஜீவனுக்கு வசதியான வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி. நம்ம ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், கடல் பக்கம் என்பதால் புழுக்கமும் சேரும். இதற்கு வியர்க்காது. 30 டிகிரி தாண்டினாலே ஆபத்து. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நீங்க பகல் ஷிஃப்ட் போயிருக்கும்போது, மதியம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் தம்பி, உண்மையைச் சொல்றேன். மேல் மாடி, ஷீட் கூரை, பகலில் யாரும் இல்லாத ரூம் என்றால், இப்போதைக்கு வாங்காதீங்க. கீழ்த்தள வீடு, கான்கிரீட் கூரை, காற்றோட்டம் இருந்தால் யோசிக்கலாம். தரையில் சிமென்ட்டோ டைல்ஸோ குளிர்ச்சியான இடத்தில் கூண்டை வையுங்க. உடைந்த மண்பானையைக் கவிழ்த்து வாசல் மாதிரி விட்டால், குளிர்ச்சியான ஒளியுமிடம் தயார். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, பழைய துணியில் சுற்றி ஒரு மூலையில் வையுங்க; வேணும்போது அதுவே வந்து சாய்ந்துகொள்ளும். தண்ணீர் பாட்டில் ரெண்டு மாட்டுங்க, ஒன்று அடைத்துக்கொண்டாலும் இன்னொன்று இருக்கும்.

கால் நீட்டிப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகினால் அது வெப்பத் தாக்கம். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீங்க. சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றி, குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, உடனே டாக்டரிடம் கிளம்புங்க.

கும்மிடிப்பூண்டி மாதிரி இரும்பு ஆலைகள் உள்ள ஊரில் ஜன்னல் விளிம்பில் கையை வைத்தாலே தூசு ஒட்டும். இதன் நுரையீரல் ரொம்ப மென்மை. கூண்டை ரோடு பக்க ஜன்னலில் வைக்காதீங்க, பக்கத்தில் கொசுவர்த்தி கொளுத்தாதீங்க. மரக்கடைத் தூளையும் படுக்கையாகப் போடாதீங்க. பழைய லுங்கி, காட்டன் துண்டு, நாலு மடிப்பு. தினமும் ஈரமானதை எடுத்து, துவைத்துக் காயப் போட்டால் போதும்.

கம்பித் தரை உள்ள கூண்டு வாங்கினால் மேலே துணி விரியுங்க, இல்லாவிட்டால் பாதம் புண்ணாகும். ரெண்டு பேருக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி தரை வேண்டும். இவை ஏறுகிற ஜாதி இல்லை, ஓடுகிற ஜாதி. மாடி வெச்ச கூண்டை விட நீளமான கூண்டுதான் நல்லது.

ஒன்று வேண்டாம். ரெண்டு என்றால் எந்த ரெண்டு?

தனியாக வைத்தால் நல்லா பழகும் என்பது பெரிய பொய். தனியாக இருப்பது சோர்ந்துபோகும். சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து கினிப் பன்றியை ஒற்றையாக வளர்க்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. துணைக்கு முயல் வேண்டாம். முயல் உதைத்தால் காயம் படும். முயலுக்கு ஒன்றும் செய்யாத சில கிருமிகள் இதற்கு நிமோனியா கொடுக்கும்.

ஆனால் ரெண்டு வாங்கும்போது ஆணா பெண்ணா என்று டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்க. "ரெண்டும் பொண்ணுதாங்க" என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கிய என் நண்பன் வீட்டில், ஒரு காலையில் ஐந்து பேர் இருந்தார்கள். இவை நாலு வார வயதிலேயே கர்ப்பம் ஆகக்கூடும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி கர்ப்பம் ஆகக்கூடும். சினைக் காலம் 59 முதல் 72 நாள். குட்டிகள் கண் திறந்து, ரோமத்தோடு, பல்லோடு பிறக்கும். அன்றைக்கே ஓடும், புல்லைக் கடித்துப் பார்க்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பெண்ணுக்கு முதல் பிரசவம் ஏழெட்டு மாத வயதைத் தாண்டி வந்தால், இடுப்பெலும்பு இறுகிப்போய் விரியாது. தாயும் குட்டியும் சாகலாம். ஆகவே ரெண்டு பெண், அல்லது சின்ன வயசிலிருந்தே சேர்ந்து வளர்ந்த ரெண்டு ஆண். ஆண் குட்டிகளை மூணு வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்.

நான் ஒரு வருஷம் யோசித்து, அந்த நண்பன் வீட்டில் பிறந்த ரெண்டு பெண் குட்டிகளைத்தான் எடுத்துக்கொண்டேன். கடலை, எள்ளு. அதற்கு முன் கீழ்த்தள வீட்டுக்கு மாறினேன்.

பழகிட்டானா, வலிக்குதா?

இரையாக வாழ்ந்த மிருகம் வலியை வெளியே காட்டாது. காட்டினால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் அமைதியை நம்பாதீங்க. கவர் சரசரத்தால் வீல் வீல் என்று கத்துவது பசி, உற்சாகம். தடவும்போது தாழ்ந்த குரலில் குறுகுறுப்பது நிம்மதி. பல்லைக் கடகடவென்று அடிப்பது கோபம், தள்ளிப் போ என்று அர்த்தம். சத்தம் போட்டவன் சத்தம் போடவில்லை என்றால், அதுதான் முதல் அபாய மணி.

ரெண்டாவது மணி, எடை. சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்க. ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை பார்த்து நோட்டில் எழுதுங்க. ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் போங்க. அரை நாளாக எதுவும் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீங்க. குடல் நின்றுவிட்டால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். எனக்கு அந்த தராசு பொரி காலத்தில் இருந்திருந்தால், என் கண் ஏமாந்த இடத்தில் அது ஏமாந்திருக்காது.

வீட்டு மருந்துப் பெட்டியைத் தொடவே தொடாதீங்க. நமக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற பெனிசிலின், அமாக்சிசிலின் வகை ஆன்டிபயாடிக் இதன் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, உயிரையே எடுத்துவிடும். எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் கினிப் பன்றி பார்த்த அனுபவம் இருக்காது. மாடு, நாய் பார்த்தே பழகியிருப்பார்கள். வாங்கும் முன்னாடியே விசாரித்து, ஒரு நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்க. கும்மிடிப்பூண்டியோ திருவள்ளூரோ, ரயில் நேராகச் சென்னைக்குப் போகும். வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. வழியையும் நேரத்தையும் இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அவசரத்தில் தேட முடியாது.

தம்பிக்கு

இது அஞ்சு முதல் எட்டு வருஷம் வாழும். உங்க கான்ட்ராக்ட் அதுவரை இருக்குமா, ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார், அடுத்த ரூம் ஓனர் ஒத்துக்கொள்வாரா, இதையெல்லாம் வாங்கும் முன் யோசிங்க. காலையில் இருபது நிமிஷம், ராத்திரி அரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கூண்டு கழுவ ஒரு மணி நேரம். மெயின்டனன்ஸ் கம்மி இல்லை. நாயை விடக் கொஞ்சம் கம்மி, மீன் தொட்டியை விட ரொம்ப அதிகம்.

தனிமைதான் காரணம் என்று உங்க குரலில் தெரிந்தது. அது எனக்கும் தெரிந்த தனிமை. பன்னிரண்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்று, பூட்டைத் திறந்து உள்ளே வரும்போது, நம்ம காலடிச் சத்தத்துக்கு ஒரு உயிர் வீல் என்று கத்தி வரவேற்றால், அந்த நாளே மாறிடும். பொரி எனக்கு அதைத்தான் ரெண்டு மாதம் கொடுத்தான். பதிலுக்கு அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு துணை, கொஞ்சம் புல், கால் குடைமிளகாய்.

கடலைக்கும் எள்ளுவுக்கும் இப்போ நாலு வயசு. இதை நான் ரெக்கார்ட் பண்ணும்போது பின்னாடி ஒரு கீச் சத்தம் கேட்டிருக்கும். எடிட்டிங்கில் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். புல் தீர்ந்துடுச்சாம். போய் போட்டுட்டு வர்றேன். அடுத்த வாரம் பார்ப்போம்.